ஜெயித்த மறுநாள் ராஜினாமா!

மார்ச் மாதம் வந்தால் நம் ஆபீஸ்களில் ஒரு ஜுரம் வரும். இயர் எண்டிங் ஜுரம்! காணாமல் போன வவுச்சரைத் தேடுவார்கள். டேலி ஆகாத பதிமூன்று ரூபாய்க்காக ராத்திரி ஒன்பது மணி வரை உட்காருவார்கள். நடுநடுவே மேனேஜர் முகத்தைப் பார்த்து, 'இந்த வருஷமாவது இன்க்ரிமென்ட் உண்டா?' என்று ஜோசியம் பார்ப்பார்கள்.

அமெரிக்காவிலும் மார்ச்சில் ஜுரம்தான். ஆனால் அது கூடைப்பந்து ஜுரம். நாடு முழுவதும் இருந்து 68 கல்லூரி டீம்கள். ஒரு மேட்ச் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று வாரம் தேசமே வேலையை விட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். பெயரே 'மார்ச் மேட்னஸ்'. மார்ச் பைத்தியம்!

நான் பி.காம். படித்தவன். எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பந்து எங்கே போகிறது என்பதைவிடப் பணம் எங்கே போகிறது என்றுதான் கண் போகும். அப்படிப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் போட்டியில் ஒரு சின்னக் கல்லூரி எக்குத்தப்பாக ஜெயித்துவிட்டால் ஊரே கொண்டாடும். கல்லூரி பிரின்சிபால் மட்டும் உள்ளுக்குள் நடுங்குவார். ஏன் தெரியுமா? அடுத்த வாரம் கோச் கையில் ராஜினாமாக் கடிதம் இருக்கும்!

முப்பதில் ஒரு பங்கு

2022-ம் வருடம். நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஜெர்ஸி சிட்டி என்கிற ஊர். நியூயார்க்குக்கு ஆற்றுக்கு அக்கரை. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சின்ன யுனிவர்சிட்டி. கூடைப்பந்தில் அதை யாரும் சீந்தியதில்லை.

போட்டியில் டீம்களை நாலு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை ராங்க் கொடுப்பார்கள். செயின்ட் பீட்டர்ஸுக்கு 15-வது ராங்க். முதல் மேட்ச்சே கென்டக்கியோடு. கென்டக்கி என்றால் கூடைப்பந்தில் சக்கரவர்த்தி. எல்லோரும் செயின்ட் பீட்டர்ஸுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

எக்ஸ்ட்ரா டைம் வரை போய், 85-79. ஜெயித்தது செயின்ட் பீட்டர்ஸ்! அதோடு நிற்கவில்லை. அடுத்து முர்ரே ஸ்டேட்டைச் சாய்த்தார்கள். அதற்கடுத்து பர்டியூ. 15-வது ராங்க் டீம் ஒன்று கடைசி எட்டுக்குள் நுழைந்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

இப்போது சம்பளப் பட்டியலைப் பாருங்கள். கென்டக்கி கோச் ஜான் காலிபரியின் வருடச் சம்பளம் 80 லட்சம் டாலருக்கு மேல். செயின்ட் பீட்டர்ஸ் கோச் ஷாஹீன் ஹாலோவேயின் சம்பளம் சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் டாலர். முப்பதில் ஒரு பங்கு! ஜெயித்தவர் முப்பதில் ஒரு பங்குக்காரர்.

"ரெண்டு லட்சத்து அறுபத்தாறாயிரம் டாலர் என்ன சார் குறைச்சல்? எனக்குக் கொடுங்க, நானே பந்து போடறேன்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரன் உங்களைவிட முப்பது மடங்கு வாங்குகிறான், அதே வேலையில் அவனை நீங்கள் தோற்கடித்திருக்கிறீர்கள், அதை ஊரே டி.வி.யில் பார்த்திருக்கிறது. எத்தனை நாள் அதே சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்?

ஹாலோவே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மார்ச் 27-ம் தேதி கடைசி மேட்ச்சில் நார்த் கரோலினாவிடம் தோல்வி. மார்ச் 30-ம் தேதி, தான் படித்த ஸீட்டன் ஹால் யுனிவர்சிட்டிக்குக் கோச். அதுவும் நியூ ஜெர்ஸியில்தான், பக்கத்திலேயே. அவரைத் தப்பு சொல்ல முடியாது. படித்த காலேஜ், பெரிய டீம், நல்ல சம்பளம். நீங்களும் நானும் போயிருப்போம்.

போனது கோச் மட்டும் இல்லை. முக்கிய ஆட்டக்காரர்களில் பலரும் கிளம்பினார்கள். 2021-க்கு முன்னால் கூடைப்பந்து மாணவன் ஒருவன் காலேஜ் மாறினால் பொதுவாக ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும். கோச்சுக்கு அந்த விதி கிடையாது, மறுநாளே போகலாம். இது என்ன நியாயம் என்று ரொம்ப நாளாகக் கேட்டார்கள். 2021-ல் மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து கோச் போகிற வண்டியில் பாதி டீமும் ஏறிக்கொள்கிறது. மீசையாலேயே பிரபலமான டக் எடர்ட் என்ற பையன் பிரையன்ட் யுனிவர்சிட்டிக்குப் போனான். இன்னொருவர் கோச் பின்னாலேயே ஸீட்டன் ஹாலுக்குப் போனார்.

மார்ச்சில் தேசமே பேசிய டீம். மே மாதம் வந்தபோது ஏறக்குறையக் காலிக் கொட்டகை!

ஜெயித்த பணம் எங்கே?

"அதான் இவ்வளவு ஜெயிச்சாங்களே, வந்த பணத்துல கோச்சுக்குக் கூடக் கொடுத்து வெச்சுக்கக் கூடாதா?" என்று பாங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. லெட்ஜரைத் திறப்போம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கத்தின் பெயர் என்.சி.ஏ.ஏ. இந்த மார்ச் போட்டியில் ஃபைனலைத் தவிர ஒரு டீம் ஆடும் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 'யூனிட்' என்று ஒரு பங்கு உண்டு. ஒரு யூனிட் சுமார் 20 லட்சம் டாலர் பெறும். ஆனால் ஆறு வருடத் தவணையில் வரும். அதுவும் கல்லூரி கைக்கு நேரே வராது. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்புக்குப் போகும். கூட்டமைப்பு பங்கு பிரிக்கும். கூட்டுக் குடும்பத்தில் தம்பி ஒருத்தன் லாட்டரியில் ஜெயித்தால், மூத்த அண்ணன் கையில் பணம் போய், ஆறு வருடம் கழித்துத் தம்பிக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருகிற மாதிரி!

சின்னக் கல்லூரிகளுக்கு வேறு ஒரு வருமானம் உண்டு. அடி வாங்கும் கூலி! விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரிய யுனிவர்சிட்டிகள் சீசன் ஆரம்பத்தில் சுலபமாக ஜெயிப்பதற்காக, சின்ன டீம்களைக் காசு கொடுத்து வரவழைப்பார்கள். செக்கை வாங்கிக்கொண்டு, உதையையும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி ஊருக்கு வரவேண்டியது. அந்தப் பணத்தில்தான் பல காலேஜ்களில் விளையாட்டு டிபார்ட்மென்ட்டின் வண்டி ஓடுகிறது.

சில சமயம் கணக்கு தப்பும். 2007-ல் மிச்சிகன் யுனிவர்சிட்டி, அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற டீமுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து ஃபுட்பால் ஆட அழைத்தது. லட்சம் பேர் உட்காரும் மைதானம். முடிவு 34-32. அப்பலாச்சியன் வெற்றி! காசு கொடுத்துக் கூப்பிட்டு அடி வாங்கிய சம்பந்தி மிச்சிகன்!

ஆக, சின்னக் கல்லூரியின் வரவு இவ்வளவுதான். எதிர்ப்பக்கம் பாருங்கள். ஜார்ஜியா யுனிவர்சிட்டியின் ஃபுட்பால் கோச் கிர்பி ஸ்மார்ட்டுக்கு 2024-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி வருடம் 1 கோடியே 30 லட்சம் டாலர் என்று போட்டார்கள். 2023-ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் யுனிவர்சிட்டி, ஜிம்போ ஃபிஷர் என்ற கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் அவருக்குத் தர வேண்டிய தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். வேலை செய்ய இல்லை. வேலை செய்யாமல் இருக்க! இப்படிப்பட்டவர்களோடு ஏலத்தில் உட்கார்ந்தால் சின்னக் கல்லூரி வேட்டியை உருவிக்கொண்டு வர வேண்டியதுதான்.

மியூசிக்கல் சேர்

2023 மார்ச். இந்த முறை ஃபேர்லி டிக்கின்ஸன் யுனிவர்சிட்டி. அதுவும் நியூ ஜெர்ஸிதான். 16-வது ராங்க். எதிரே 1-வது ராங்க் பர்டியூ. 63-58 என்று கவிழ்த்தார்கள். கோச் டோபின் ஆண்டர்சன் அங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இரண்டாம் டிவிஷனில் செயின்ட் தாமஸ் அக்வினாஸ் என்ற காலேஜில் இருந்தார். வரும்போது அங்கிருந்து சில ஆட்டக்காரர்களையும் கூடவே அழைத்து வந்தவர்.

அதே வாரம் நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டி, அயோனாவின் கோச் ரிக் பிட்டினோவை இழுத்துக்கொண்டது. அயோனாவில் நாற்காலி காலி. உடனே அயோனா ஆண்டர்சனை இழுத்தது. பர்டியூவை ஜெயித்தது மார்ச் 17. அயோனாவில் வேலை மார்ச் 21. நாலு நாள்! மேலே ஒருவர் நகர்ந்தால் கீழே வரிசையாக எல்லோரும் ஒரு சீட் நகர்கிறார்கள். கடைசி சீட்டுக்காரன் பாடுதான் திண்டாட்டம்.

மேலே போனவர்களும் எப்போதும் சுகமாக இருப்பதில்லை. ஆண்டர்சனை அயோனா இரண்டே சீசனில், 2025-ல் அனுப்பிவிட்டது.

வேடிக்கையான கேஸ் ஒன்று. 2018-ல் மேரிலாண்ட் யுனிவர்சிட்டியின் பால்டிமோர் கவுண்டி டீம், 1-வது ராங்க் வர்ஜினியாவை 74-54 என்று அடித்து நொறுக்கியது. ஆண்கள் போட்டியில் 16-வது ராங்க் டீம் 1-வது ராங்கை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கோச் ரையன் ஓடம் அதற்குப் பிறகும் மூன்று வருடம் அங்கேயே இருந்தார். பிறகு 2021-ல் ஒரு தாவல், 2023-ல் ஒரு தாவல். 2025-ல் எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? வர்ஜினியாவுக்கே கோச்! எந்தக் கம்பெனியை மானம் போக அடித்தாரோ அதே கம்பெனியில் ஜெனரல் மேனேஜர்.

கோச் பாஷைக்கு ஒரு கோனார் நோட்ஸ்

இந்த உலகத்தில் சில வார்த்தைகளுக்கு அர்த்தமே வேறு. அரசுத் தேர்வுக்கு வராது என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது.

*பை-அவுட்:* கட்டு அறுக்கும் காசு. கோச் பாதியில் போனால் புதுக் கல்லூரி பழைய கல்லூரிக்குக் கொடுப்பது. கல்லூரியே துரத்தினால் கோச்சுக்குக் கொடுப்பது.

*எக்ஸ்டென்ஷன்:* "இன்னும் பத்து வருஷம் இங்கேதான்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவது. அடுத்த மார்ச் வரை செல்லும்.

*"என் கவனமெல்லாம் இந்த டீம் மேல்தான்":* ஏஜென்ட்டிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.

*"குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பேன்":* போன் வந்துவிட்டது.

ரெண்டாவது நாற்காலி

சரி, கோச் போவதைத் தடுக்க முடியாது. அப்படியானால் சின்னக் கல்லூரிக்கு விமோசனமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது முதல் நாற்காலியில் இல்லை. அதற்குப் பக்கத்தில், கையில் அட்டையும் பென்சிலுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பாரே, அசிஸ்டென்ட் கோச், அந்த ரெண்டாவது நாற்காலியில் இருக்கிறது.

பையன்களை ஊர் ஊராகத் தேடிப் பிடிப்பவர் அவர். எதிர் டீமின் வீடியோவை ராத்திரி இரண்டு மணி வரை பார்ப்பவர் அவர். ஹாஸ்டலில் பையன் அழுதால் போன் வருவதும் அவருக்குத்தான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் ரொம்ப காலமாகச் சிக்கனம் என்றால் முதலில் கை வைத்தது இந்த நாற்காலியில்தான். நம்மூரில் கம்பெனிச் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் டீ நிற்குமே, அந்த மாதிரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்.சி.ஏ.ஏ. ஒரு விதி போட்டது. 1992-ல் அமலுக்கு வந்தது. முதல் டிவிஷன் கூடைப்பந்து டீம் ஒவ்வொன்றிலும் ஒரு தலைமைக் கோச், இரண்டு அசிஸ்டென்ட், பிறகு ஒரு 'சம்பளம் கட்டுப்படுத்தப்பட்ட கோச்'. கிண்டல் இல்லை, பதவியின் பெயரே அதுதான்! படிப்பு மாதங்களுக்கு 12,000 டாலர், கோடை விடுமுறைக்கு 4,000 டாலர், மொத்தம் 16,000. அதற்கு மேல் ஒரு காசு கொடுக்கக் கூடாது. கொடுக்க ஆசைப்பட்டாலும் கூடாது. வேறு சில ஆட்டங்களுக்கும் இதே கதி. இந்தப் பதவியை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டு எந்த மாமனார் வீட்டில் பெண் கேட்பது?

என்.சி.ஏ.ஏ. சொன்ன காரணம், "செலவு குறையும், இளைஞர்களுக்கு ஆரம்ப வாய்ப்பு கிடைக்கும்." அசிஸ்டென்ட்டுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். முன்னால் நின்றவரின் குடும்பப் பெயர் 'லா'. சட்டத்தின் பெயரையே கொண்டவர் வழக்குப் போட்டால் விடுவாரா? போட்டியாளர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒருத்தனுக்கு இவ்வளவுதான் சம்பளம் என்று நிர்ணயிப்பது, வியாபாரிகள் கூடி விலையை நிர்ணயிப்பதற்குச் சமம், சட்ட விரோதம் என்று தீர்ப்பு. 1998-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. செலவு குறைகிறது என்பது ஒரு சமாதானமே இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த இடங்களில் இளைஞர்களைத்தான் வைக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை, அனுபவஸ்தர்களே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் வெளியே வந்தது.

நஷ்டஈடு சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர் என்றார்கள் ஜூரிகள். அந்த ஊர்ச் சட்டப்படி இந்த மாதிரிக் குற்றத்துக்கு மூன்று மடங்கு. 1999-ல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. மிச்சம் பிடிக்கப் போய் வட்டியும் முதலுமாகக் கட்டினார்கள்.

பாடம் கற்றார்களா? பேஸ்பால் போன்ற ஆட்டங்களில் 'வாலண்டியர் அசிஸ்டென்ட்' என்ற இன்னொரு நாற்காலி இருந்தது. வேலை முழு நேரம். சம்பளம்? பூஜ்யம். மெடிக்கல் இன்ஷூரன்ஸும் கிடையாது. கோடையில் பையன்களுக்குக் காம்ப் நடத்திச் சம்பாதித்துக்கொள்ள வேண்டியது. மறுபடி வழக்கு. 2023 ஜூலையில் அந்த நாற்காலியையே ஒழித்தார்கள். பேஸ்பால் வாலண்டியர்களோடு நடந்த சமரசத் தொகை மட்டும் 4 கோடியே 90 லட்சம் டாலருக்குக் குறையாது.

பட்லரின் மாடிப்படி

ரெண்டாவது நாற்காலியைச் சரியாக வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? இண்டியானாபோலிஸ் நகரத்தின் பட்லர் யுனிவர்சிட்டியைப் பாருங்கள். மாணவர்கள் நாலைந்தாயிரம் பேர்தான். 1928-ல் கட்டிய பழைய ஆட்டக்கூடம்.

1989-ல் பாரி காலியர் அங்கே கோச் ஆனார். டீமைத் தூக்கி நிறுத்தினார். 2000-ல் நெப்ராஸ்கா இழுத்துக்கொண்டது. பட்லர் பதறவில்லை. அசிஸ்டென்ட் தாட் மாட்டாவை மேலே ஏற்றியது. ஒரே வருடத்தில் மாட்டாவை ஸேவியர் இழுத்தது. அசிஸ்டென்ட் டாட் லிக்லைட்டர் மேலே வந்தார். 2007-ல் அவரை அயோவா இழுத்தது. அப்போது படியில் அடுத்து நின்றவர், முப்பதே வயதான பிராட் ஸ்டீவன்ஸ். அவரை மேலே ஏற்றியது யார் தெரியுமா? நெப்ராஸ்கா போய்விட்டு, பட்லருக்கே விளையாட்டு டைரக்டராகத் திரும்பி வந்திருந்த அதே காலியர்!

ஸ்டீவன்ஸ் கதையை ஆபீஸ் போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எகனாமிக்ஸ் பட்டதாரி. எலை லில்லி என்ற பெரிய மருந்துக் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. நம்ம பாஷையில் சொன்னால், பெண் வீட்டார் வீடு தேடி வரும் உத்தியோகம். 2000-ல் அதை உதறிவிட்டு, பட்லரில் சம்பளமில்லாத வாலண்டியராகச் சேரப் போனார். வயிற்றுப்பாட்டுக்கு ஆப்பிள்பீஸ் என்ற ஹோட்டலில் சர்வர் வேலைக்கும் பேசி வைத்திருந்தார்! நல்லவேளை, அந்தச் சமயம் பார்த்து ஓர் இடம் காலியாகி, சம்பளமுள்ள வேலையே கிடைத்தது.

அந்த ஆள் 2010-ல் பட்லரை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். டியூக்கிடம் 61-59. கடைசி வினாடியில் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் இடித்து வெளியே வந்தது. ஒரு விரற்கடை உள்ளே இறங்கியிருந்தால் பட்லர் சாம்பியன். 2011-ல் மறுபடி ஃபைனல், மறுபடி தோல்வி. 2013-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை டீம் அவரைத் தூக்கிக்கொண்டது.

கவனியுங்கள். நாலு கோச், நாலு பேரும் போய்விட்டார்கள். பட்லர் யாரையும் பிடித்து வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பையன்களுக்கு மறுநாள் காலையில் தெரிந்த முகம்தான் விசில் ஊதியது. ஆள் போனார், வழி போகவில்லை.

வாஷிங்டன் மாநிலத்து கொன்ஸாகாவிலும் இதே வித்தைதான். 1999-ல் கடைசி எட்டுக்குள் வந்ததும் கோச் டான் மான்சன் மினசோட்டாவுக்குப் பறந்தார். பத்து வருடமாக அங்கேயே அடிமட்டத்திலிருந்து ஊறிய அசிஸ்டென்ட் மார்க் ஃபியூ மேலே வந்தார். வந்தவர் நகரவே இல்லை. 1999-லிருந்து 2025 வரை, போட்டி நடந்த ஒவ்வொரு வருடமும் கொன்ஸாகா அதில் இருந்தது. 2020-ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை, அதை விட்டுவிடுங்கள். 2017-லும் 2021-லும் ஃபைனல். இப்போது அதைச் சின்ன டீம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

சர்வர் வேலை கிடைக்காதவர்கள்

இந்த இடத்தில் ஒரு சங்கடம். ஸ்டீவன்ஸ் ஜெயித்தார், கதை ஆயிற்று. சம்பளமில்லாமல் இரண்டு வருடம் தள்ள முடியாதவன்? வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன்? குழந்தைக்கு ஜுரம் வந்தால் இன்ஷூரன்ஸ் வேண்டும் என்பவன்? அவனும் திறமைசாலியாக இருந்திருக்கலாம். மருந்துக் கம்பெனியிலேயே இருந்துவிட்டான். அவனைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. சம்பளம் போடாத நாற்காலி திறமையைத் தேடுவதில்லை. வீட்டில் வசதி இருக்கிறவனைத்தான் தேடுகிறது.

டி.வி. எட்டிப் பார்க்காத மூன்றாம் டிவிஷனில் இது இன்னும் கூர்மை. நானூறுக்கு மேல் கல்லூரிகள். விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, மாணவன் ஃபீஸ் கட்டித்தான் ஆட வேண்டும். அட்மிஷன் குறைந்துபோன பல சின்னத் தனியார் காலேஜ்கள் புதுசு புதுசாக டீம் ஆரம்பிப்பது இதற்காகவும்தான். ஃபுட்பால் டீம் ஆரம்பித்தால் நூறு பையன்கள் ஃபீஸோடு வருவார்கள். ஆக, கோச்சுக்கு ரகசியமாக இன்னொரு வேலை. சேல்ஸ் ரெப்ரசென்டேடிவ்! வருடத்துக்கு இத்தனை பையன் என்று டார்கெட் உண்டு.

ஓவர்டைம்? அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் விதி பொருந்தாது. கோச்சின் முக்கிய வேலை கற்றுக்கொடுப்பது என்றால் அவரும் ஆசிரியர்தான். பையன் பிடிப்பதே முக்கிய வேலை என்றால் அந்தச் சலுகை காலேஜுக்குக் கிடையாது. எனவே காகிதத்தில் எல்லோரும் வாத்தியார்!

அப்படியும் அங்கே ஆயுசு முழுக்க இருந்தவர்கள் உண்டு. மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டி. ஜான் ககலியார்டி என்பவர் அங்கே 1953-லிருந்து 2012 வரை, அறுபது சீசன், ஃபுட்பால் கோச். ஓய்வு பெறும்போது வயது 86. அவருடைய மொத்த வெற்றிகள் 489, கல்லூரி ஃபுட்பாலில் யாரும் அதைத் தொட்டதில்லை. பிராக்டிஸில் ஒருவரையொருவர் முட்டித் தள்ளக் கூடாது என்பார். விசில் கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் பாணியில் யாரும் மூக்கை நுழைக்கவில்லை. தன் வேலையைத் தன் இஷ்டப்படி செய்ய விட்டால் மனுஷன் அறுபது வருடம்கூட இருப்பான் என்பதற்கு அவர் சாட்சி. இதற்கு பட்ஜெட்டில் ஒரு பைசா செலவில்லை. ஆனால் எத்தனை நிர்வாகங்களால் முடிகிறது?

கடைசிக் கணக்கு

2025 ஜூனில் அங்கே ஒரு பெரிய மாற்றம். கோர்ட் ஒப்புதலோடு, கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025-26-ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆடுகிறவனுக்குக் கூலி கிடைப்பது நியாயம்தான். ஆனால் சின்னக் கல்லூரிகள் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக முடியாது. முன்னால் கோச்சை ஏலத்தில் இழந்தார்கள், இனி ஆட்டக்காரர்களையும் ஏலத்தில் இழப்பார்கள். இருக்கிற சொற்பப் பணத்தை எங்கே போடுவது என்று ஒவ்வொரு சின்னக் கல்லூரியும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. மறுபடி முதலில் நிறுத்தப்போகிற டீ எது என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

என்னைக் கேட்டால், பி.காம். முதல் வருடப் பாடத்தையே சொல்வேன். ஜெயிக்கிற கோச் உங்கள் ஃபிக்ஸட் அசெட் இல்லை, கரன்ட் அசெட். ஒரு வருடத்தில் கைமாறும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் போகும்போது பை-அவுட் என்று ஒரு செக் வரும் இல்லையா? அதைக் கொண்டுபோய் இன்னொரு பெரிய பெயரை வாங்காதீர்கள். ரெண்டாவது நாற்காலிக்கும் மூன்றாவது நாற்காலிக்கும் மரியாதையான சம்பளமாகப் போடுங்கள். மற்ற அசெட்டெல்லாம் வருடா வருடம் தேய்மானம் ஆகும். இது ஒன்றுதான் வருடா வருடம் மதிப்பு ஏறும்.

2022-ல் காலியாகிப்போன செயின்ட் பீட்டர்ஸ், வாக்னர் காலேஜிலிருந்து பஷீர் மேசன் என்ற கோச்சை அழைத்து வந்து ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பித்தது. 2024-ல் மறுபடி மார்ச் போட்டிக்கு வந்துவிட்டது. அதே 15-வது ராங்க்! முதல் மேட்ச்சிலேயே டென்னஸியிடம் தோல்விதான், ஆனாலும் வந்தார்கள்.

அடுத்த மார்ச்சில் டி.வி.யிலோ போனிலோ இந்த ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தால், கோட்டும் சூட்டுமாக எழுந்து நின்று கத்துகிற ஆளைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் அட்டையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுதுகிறவரைப் பாருங்கள். அவருக்கு இந்த மாதம் ஒழுங்காகச் சம்பளம் போட்டார்களா என்பதில் இருக்கிறது, அந்தக் காலேஜ் அடுத்த வருடம் டி.வி.யில் வருமா வராதா என்பது.